பாரம் ஏற்றிப் பார்க்காத வண்டி

பலாங்கொடைப் பக்கத்தில் பழைய டீசல் கெப் வாங்கப் போகிறவன் முதலில் தன் சம்சாரத்திடம் கேட்பான், அடுத்து சாத்திரக்காரரிடம் கேட்பான், கடைசியில்தான் கிருஷ்ணராஜிடம் வருவான். வரும்போது பெரும்பாலும் முற்பணத்தையும் கொடுத்துவிட்டே வருவான். "அண்ணே, வண்டி சூப்பர். சும்மா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்பான். அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே கிருஷ்ணராஜுக்குப் பற்றிக்கொண்டு வரும். தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கக் கூப்பிடுகிறான் என்று முணுமுணுப்பார். முணுமுணுத்தாலும் போவார். போகாமல் விட்டு, அந்த வண்டி எங்கேயாவது பள்ளத்தில் கிடந்தால் தூக்கம் வராத மனிதர் அவர்.

முன்னால் ஐந்து பேர் உட்கார, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டுள்ள வண்டிக்கு இந்தப் பக்கம் கெப் என்று பெயர். தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு அது வெறும் வண்டியல்ல. கொழுந்து மூட்டை, விறகு, மரக்கறி, பொங்கல் பானை, பிள்ளைத்தாய்ச்சி, பிணம் எல்லாம் ஏறுவது அதில்தான். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்திவைத்திருந்த வருடங்களில், கழித்துப்போட வேண்டிய வண்டிக்கெல்லாம் மாப்பிள்ளை மவுசு வந்துவிட்டது. கிழட்டு வண்டிக்குப் பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, கண்ணாடியில் பூ ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தினால் வாங்க ஆள் வரிசையில் நின்றது. நம் ஆட்களும் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். பெயின்டா மலை ஏறப்போகிறது?

கிருஷ்ணராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான, குரல் உயர்த்தாத ஆள். வண்டி பார்க்கப் போவதற்கு முதல்நாளே விற்கிறவனுக்குப் போன் எடுத்து, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவைப்பார். போனதும் பேச்சில்லை, வணக்கமில்லை, உள்ளங்கையை எஞ்சினை மூடும் பொனட்டின் மேல் வைப்பார். கொதித்துக் கிடந்த எஞ்சினை யாரும் ஸ்டார்ட் பண்ணிவிடலாம், ராத்திரி முழுக்கக் குளிர்ந்த டீசல் எஞ்சின்தான் உண்மை பேசும் என்பது அவர் கணக்கு. றக்குவானையில் ஒருவன், பொனட் சுட்டதற்கு, "வெயில்ல நின்டதுண்ணே" என்றான். கிருஷ்ணராஜ் கையை எடுத்து வண்டியின் கூரையில் வைத்தார். கூரை சில்லென்று இருந்தது. "வெயிலு பொனட்டுக்கு மட்டுமா அடிச்சிச்சு?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

பொனட் குளிர்ந்திருந்தால்தான் மற்ற வேலை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலைவிட்டு எண்ணெய்ப் பிசுக்கு தட்டுகிறதா என்று பார்ப்பார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு சைலன்சருக்குப் பின்னால் குந்துவார். வெள்ளைப் புகை வந்து சட்டென்று நின்றால் சரி, நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்துவைப்பார். மூடி அடங்கிக் கிடந்தால் உள்ளே சுகம், துள்ளி விழுந்தால் உள்ளே நெஞ்சு தேய்ந்துவிட்டது. அப்புறம் சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அடிச்சட்டமான செசியைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டினாலும் அதை நம்ப மாட்டார். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவார்.

எல்லாம் முடிந்ததும் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வரும். "எடு", இல்லாவிட்டால் "விடு".

இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததல்ல. பாறைக்காட்டுத் தோட்டத்துக் கீழ் டிவிஷனில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர், எட்டாம் வகுப்போடு கொழுந்து லொறிக்குக் கிளீனராகப் போனார். பிறகு அதே லொறியைப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். கொழுந்து ஏற்றுவதைக் கம்பெனி கொந்தராத்துக்குக் கொடுத்து லொறியை விற்றுவிட்ட பிறகு, தோட்டத்து ரோடு மெயின் ரோட்டைத் தொடும் சந்தியில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு வண்டி திருத்த ஆரம்பித்தார். கீழ் டிவிஷனிலிருந்து அந்தச் சந்திக்கு ஒன்பது முடக்கு, எல்லாம் செங்குத்தான வளைவு. முடக்கு ஏறும் வண்டியின் சத்தத்தைக் கொட்டிலில் இருந்தபடியே கேட்டு, யார் ஓட்டுகிறான், எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தக் கியரில் வருகிறான் என்று சொல்லிவிடுவார். 'ராஜ் அண்ணன் காது' என்றால் அந்தப் பக்கத்தில் பேர்போனது. அந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருக்குமா? மனிதர்தானே.

பாறைக்காட்டில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் ஐயாவு, தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். செத்தவனுக்குப் பெட்டி வாங்கக் காசு சேர்ப்பதைவிட, சாகப்போகிறவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு வண்டி வாங்குவது நல்லது என்று அவர்தான் முதலில் சொன்னார். சொன்னது ஞாயம். கீழ் டிவிஷனில் யாருக்காவது நோவென்றால் தோட்டத்து டிராக்டர் வரும் வரை காத்துக்கிடக்க வேண்டும். சங்கம் இரண்டு வருடம் சேர்த்து, பழைய கெப் ஒன்றை வாங்கத் தீர்மானித்தது. வண்டியைப் பார்த்து எடுக்கும் பொறுப்பைக் கிருஷ்ணராஜிடம் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

பலாங்கொடை டவுனில் பழைய வாகனம் விற்கும் முக்தாரிடம் ஒரு டபுள் கெப் நின்றது. வெள்ளை நிறம், வயது பதினாறு. கிருஷ்ணராஜ் கையை வைத்தார், பொனட் குளிர்ந்துதான் இருந்தது. புகை சுத்தம். மூடி துள்ளவில்லை. செசியில் துரு இல்லை. ரேடியேட்டருக்குள் பச்சை நிறத்தில் புதுக் கூலன்ட் தளதளவென்று நிறைந்திருந்தது. வைத்திருந்தவன் வண்டியைக் கவனித்து வளர்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். புதுசாக ஊற்ற வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் என்று நான் சொல்ல மாட்டேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் சறுக்கல்.

முக்தார் யாரையும் ஏமாற்றிப் பிழைக்கிறவரல்ல. அவர் தாமாகவே சொன்னார்.

"நான் பொய் சொல்ல மாட்டன் தம்பி. இது எம்பிலிப்பிட்டியப் பக்கம் வயலுக்கு ஓடின வண்டி. அங்க எல்லாம் சமதரை. மலை இழுக்குமான்டு நான் ஓட்டிப் பாக்கல்ல. ஒங்கட ரோட்டுல பத்துப் பேர ஏத்திக்கிட்டு ஒருக்கா மேல ஏறிப் பாருங்க. சரின்டா பொறகு பேசுவம்."

பாறைக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக வருகிற வண்டி, அது எத்தனை கை மாறியதாக இருந்தாலும், மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் அதில் ஆளோ பாரமோ ஏறும். ஓட்டுகிறவன் மட்டும் உட்காரலாம். அதிலும் இது நோயாளியை ஏற்றப்போகும் வண்டி. பூஜைக்கு முந்தி ஏறுகிறவன் அதிலேயே நோயாளியாகவும் ஏறுவான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பூசாரி அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவதாக இருந்தார்.

முக்தாரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கிருஷ்ணராஜ் சிரித்தார். "பூஜ போடாத வண்டியில எங்க ஆளுங்க ஏற மாட்டாங்க நானா. சாக்கக்கூட ஏத்த விட மாட்டாங்க. வுடுங்க, எனக்குக் காது போதும்."

வெறும் வண்டியை பெலிஹுல்ஓயாப் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். சத்தம் வழுவழுவென்று இருந்தது. திரும்பி வந்து ஐயாவுக்குப் போன் எடுத்து, "எடு அண்ணே" என்றார். பொய்யில்லை, அந்த நேரத்தில் அவர் அதை முழு மனதோடு நம்பினார். ஆனால் முக்தார் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஐயாவு பயப்படுவார், வெள்ளிக்கிழமை தவறிப்போகும் என்று நினைத்தார். தன் காதுக்கு மேல் இன்னொரு சோதனை எதற்கு என்றும் நினைத்தார். இரண்டில் எது பெரிது என்று அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை பூஜை நடந்தது. ஐயாவின் மனைவி சுப்பம்மா வண்டிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். ஐந்து வாரம் வண்டி நல்லபடியாக ஓடியது. ஒரு பிரசவம், ஒரு பாம்புக்கடி, காய்ச்சலில் விழுந்த இரண்டு பிள்ளைகள். ஒரு தடவைக்கு நாலு பேருக்கு மேல் ஏறவில்லை. ஓட்டுகிற தினேஷ் காலையில் ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவான். பழைய வண்டி குடிக்கும்தானே என்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிய நேரத்தில் எட்டாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களில் பதினொரு பேருக்குக் கொட்டு. கிருஷ்ணராஜின் மனைவி கலைச்செல்விக்குக் கையிலும் கழுத்திலும் கொட்டியிருந்தது. சுப்பம்மாவுக்குத் தலை முழுக்க. தினேஷ் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு, மிதித்த மிதியில் முடக்கு ஏறினான்.

கிருஷ்ணராஜ் கொட்டிலில் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது. இரண்டாம் கியர், நிறையப் பாரம், தினேஷ்தான் என்று காது சொன்னது. நாலாவது முடக்கில் சத்தம் கனத்தது. ஐந்தாவதில் உள்ளே இரும்பில் இரும்பு தட்டியது. ஆறாவதில் சத்தமே இல்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ரோட்டில் இறங்கி ஓடினார். அப்படி ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

ஆறாவது முடக்கில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பெண்கள் புல்லில் உட்கார்ந்து அரற்றிக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்வியின் மடியில் சுப்பம்மாவின் தலை கிடந்தது. முகம் வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது. ஆனாலும் வந்தது யார் என்று தெரிந்துகொண்டார்.

"வண்டிக்கு என்னாங்க தம்பி?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்ல மதினி. கொஞ்சம் சூடு. இப்பப் போயிரலாம்."

சந்தியிலிருந்து த்ரீவீல்கள் இறங்கி வர இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சுப்பம்மா மூச்சுக்குத் தவித்து, அடங்கிப்போனார். மற்றப் பத்துப் பேரும் பிழைத்தார்கள்.

பிறகு எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோது மேல்பாகமான ஹெட்டில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு இருந்தது. வண்டி சும்மா நிற்கும்போதும் வெறுமனே ஓடும்போதும் அது மூடிக்கொண்டிருக்கும். பாரம் இழுத்துச் சூடேறினால்தான் வாய் திறக்கும். விற்ற முக்தாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவர் தாமாகவே வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்தார். சாவு வீட்டுக்கும் வந்தார். லயத்து வாசலில் நின்றவர் கிருஷ்ணராஜை ஒரே ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். நான் சொன்னேனே என்று அந்தப் பார்வை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யாரும் கிருஷ்ணராஜைக் குற்றம் சொல்லவில்லை. குளவிக்கு முன்னால் யார் என்ன செய்ய முடியும், விதி என்றார்கள். "நீதானப்பா ஓடி வந்த" என்று ஐயாவு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை உதறவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் கிருஷ்ணராஜ் நின்றார். அந்தப் பாவத்தை நான் என்னவென்று சொல்வது! திட்டு வாங்கினால் மனிதன் தாங்கிக்கொள்வான். தனக்குச் சேராத நன்றியை வாங்கிக்கொண்டு லயத்து வாசலில் நிற்பது பெரிய தண்டனை.

அதற்குப் பிறகு அவர் வண்டி பார்க்கப் போகவில்லை. யார் கூப்பிட்டாலும், "காது மந்தமாயிருச்சு" என்பார். சனமும் நம்பிவிட்டது. கொட்டிலுக்கு வருகிறவர்கள் அவரிடம் சத்தம் போட்டுப் பேசத் தொடங்கினார்கள். அவரும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை "என்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் கலைச்செல்வி மட்டும், அடுப்பங்கரையில் மெதுவாக முனகினாலும் இவருக்குக் கேட்கிறதே என்று ஒருமாதிரியாகப் பார்ப்பார். கேள்வி கேட்க மாட்டார்.

ஒன்பது மாதம் கழித்து ஐயாவு சந்திக்கு ஏறி வந்தார். நடந்தே வந்திருந்தார். கொட்டிலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"சங்கத்துக்கு மறுபடியும் ஒரு வண்டி எடுக்கணும். முக்தார் முதலாளிக்கிட்ட ஒன்னு நிக்கிது. நீ வந்து பாக்கணும்."

"எனக்குக் காது..."

"காது கெடக்கட்டும். ஒன்ன விட்டா எனக்கு யாரத் தெரியும்? சுப்பம்மா மாதிரி இன்னொருத்தி ரோட்டுல கெடக்கக் கூடாது. அதுக்குத்தான் கேக்குறேன்."

கிருஷ்ணராஜ் கையிலிருந்த ஒயிலைத் துணியில் துடைத்தார். பிறகு, "வண்டியக் கீழ பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கண்ணே. எல்லாரும் வேல முடிஞ்சு வந்தப்பொறகு பாக்குறேன்" என்றார்.

காலையில் பெயர் கொடுக்கச் சனம் கூடும் இடம்தான் பெரட்டுக்களம். சொன்ன நாளில் மாலை நாலு மணிக்கு, முக்தாரே நீல நிற டபுள் கெப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ராத்திரி முழுக்க ஆறவிட இந்தத் தடவை நேரமில்லை, எஞ்சின் சூடு தணியும் வரை எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். கிருஷ்ணராஜ் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் பார்த்தார், புகை, மூடி, விரல், சாக்கு, சுத்தியல், ஒன்றையும் விடவில்லை. சனம் அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

"பன்னண்டு பேரு ஏறுங்க" என்றார் கிருஷ்ணராஜ்.

சனத்துக்கு விளங்கவில்லை. கலைச்செல்விதான் முன்னால் வந்தார். கோவில் கமிட்டியில் இருக்கிறவர், பூஜைக்கு நாள் குறித்து வைத்திருந்தவரும் அவர்தான்.

"என்னாங்க பேசுறீங்க? பூஜ போடாத வண்டியில ஆள ஏத்துறதா? அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியில? ஒங்களுக்கு என்னா கிறுக்கா?"

"ஏத்தாம பாத்தா தெரியாது கலைச்செல்வி."

"அன்னைக்கு மட்டும் ஏத்தாமலே எப்பிடித் தெரிஞ்சிச்சு?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கேட்டவர் குற்றம் சொல்லக் கேட்கவில்லை, பூஜை வழக்கத்தைக் காப்பாற்றத்தான் கேட்டார். ஆனால் கிருஷ்ணராஜ் அந்தக் கேள்விக்காகவே ஒன்பது மாதம் காத்திருந்தவர் போல நிமிர்ந்தார்.

"தெரியல" என்றார். "அன்னைக்குத் தெரியல. முக்தார் நானா சொன்னாரு. பத்துப் பேர ஏத்திக்கிட்டு நம்ம ரோட்டுல ஒருக்கா ஏறிப் பாருன்னு அவரு வாயால சொன்னாரு. நாந்தான் பூஜையச் சாக்குச் சொல்லிட்டு விட்டேன். கேட்டிருந்தா நீங்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா, இல்ல ஏறியிருப்பீங்களா, எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல. எனக்கு என் காது பெருசாப் போச்சு. ஏத்திப் பாத்திருந்தா அந்த வண்டிய எடுத்திருக்க மாட்டோம். என் காதுக்கு ஒரு கொறையும் இல்ல. மந்தமாயிருச்சுன்னு சொன்னதும் பொய்."

முக்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கலைச்செல்வி கழுத்தில் குளவி கொட்டிய தழும்பைத் தொட்டுக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாதம் பக்கத்தில் படுத்திருந்த மனிதர் இதை மென்று விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். கலைச்செல்விக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லோரும் ஐயாவைத்தான் பார்த்தார்கள். ஐயாவு சாரத்தை மடித்துக் கட்டினார். வண்டியின் பின்பக்கம் போய், தட்டைப் பிடித்துக் காலைத் தூக்கிவைத்தார். அறுபத்தாறு வயது, ஒரே தடவையில் ஏற முடியவில்லை. தினேஷ் தாங்கப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடி முயன்று ஏறி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் பதினோரு பேரு" என்றார்.

அடுத்ததாக ஏறியவர் கலைச்செல்வி. அவருக்குப் பின்னால், குளவி கொட்டிப் பிழைத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கடைசியாகத் தினேஷும் ஏறிப் பன்னிரண்டு ஆனபோது கிருஷ்ணராஜ் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார்.

ஒன்பது முடக்கையும் இரண்டாம் கியரில் ஏற்றினார். பயந்து பயந்து ஏற்றவில்லை, அன்றைக்குத் தினேஷ் மிதித்த மாதிரியே மிதித்தார். கண் சூடு காட்டும் முள்ளில் இருந்தது. நாலாவது முடக்கில் முள் நடுவில் நின்றது. ஆறாவதில் பின்னால் ஒரு பெண் விசும்பியது கேட்டது, முள் அசையவில்லை. சந்தியில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கி, பொனட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகலில்லை. ரேடியேட்டரின் மேல் குழாயை அமுக்கினார், அதிகமாக விறைக்கவில்லை. பொனட்டை மூடினார்.

ஐயாவு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"எப்படி?"

"எடுக்கலாம் அண்ணே."

ஐயாவு தலையாட்டினார். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் கிருஷ்ணராஜ் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

"ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு அந்த வெள்ள வண்டிய இது மாதிரி ஏத்திப் பாத்திருந்தா, எந்த எடத்துல காட்டிக் குடுத்திருக்கும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐயாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, நம்பியிருப்பார். இதற்கு மேல் ஒளித்துவைக்கக் கிருஷ்ணராஜிடம் இடமில்லை.

"நாலாவது முடக்குலயே முள்ளு ஏறியிருக்கும்."

"கீழருந்து நாலாவது முடக்குக்கு எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிஷம் அண்ணே."

"எட்டு நிமிஷம்" என்றார் ஐயாவு.

மெயின் ரோட்டில் பலாங்கொடை பஸ் ஒன்று போயிற்று. அது போய் மறையும் வரை ஐயாவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பின்தட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டிய எடுத்துருவோம்" என்றார் ஐயாவு கடைசியில். "சாவி தினேஷ்கிட்ட வேணாம், ஒங்கிட்ட இருக்கட்டும். தோட்டத்துல யாருக்கு என்னான்னாலும், எந்நேரமானாலும், நீதான் வந்து ஏத்திக்கிட்டுப் போவணும். நீ சாவுற வரைக்கும்."

அது மன்னிப்பா தண்டனையா என்று கிருஷ்ணராஜ் கேட்கவில்லை. "சரிங்கண்ணே" என்றார்.

ஐயாவு வண்டியில் ஏறவில்லை. திரும்பி, வந்த ரோட்டிலேயே கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார். கலைச்செல்வி பின்தட்டிலிருந்து, "அண்ணே, ஏறிக்கங்கண்ணே, இருட்டப்போவுது" என்று கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் லேசாக உயர்த்தி, வேண்டாம் என்று காட்டிவிட்டு நடந்தார்.

கிருஷ்ணராஜ் வண்டியைத் திருப்பி, முதலாம் கியரில் போட்டு, அவருக்குப் பின்னால் இருபது அடி தள்ளி இறங்கினார். ரோட்டில் முந்திப் போக இடம் இருந்தது. ஆறாவது முடக்கில் ஐயாவு நின்று, புல்லோரமாகப் போய்க் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். வண்டியும் நின்றது. அவர் எழுந்து நடந்தபோது அதுவும் பின்னாலேயே நகர்ந்தது. லயத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. ஹார்ன் அடிக்கச் சொல்லி வண்டியில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை.